வீடு திருத்தும் கொந்தராத்துக்காரருக்குக் கடைசித் தவணைக் காசை ஆடி மழைக்குப் பிறகு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டத்து லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கூரையில் அரசாங்கம் இலவசமாகச் சோலார் பொருத்திக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் ஏழைக் குடும்பங்களின் கரண்ட் பில் இறங்கும் என்று வாசகர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தார். நல்ல மனசோடு எழுதிய கடிதம்தான். ஆனால் அவர் லயத்துக் கூரையில் ஏறிப் பார்த்தவர் இல்லை என்பது இரண்டாவது பந்தியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஏறியிருக்கிறேன். நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டு வயரிங் செய்து பிழைக்கிறவன். அப்பாவும் அம்மாவும் மலையில் பேர் போட்ட தோட்டத் தொழிலாளர்கள். நான் தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனுக்குக் கையாளாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கித் தொழில் பழகினேன். பிறகு என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) மட்டம் 3 சான்றிதழும் எடுத்துக்கொண்டேன். அதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது.

லயத்துத் தகரத்தில் நடக்க ஒரு முறை இருக்கிறது. ஆணி அடித்த வரிசை எது என்று பார்த்து அதன் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். கீழே மரம் இருப்பது அங்கேதான். ஒரு சாண் தள்ளி வைத்தால் கால் அந்த வீட்டு அடுப்படியில் தொங்கும். எனக்கு ஒரு தடவை தொங்கியது. கெண்டைக்காலில் பதினொரு தையல். ஒன்று இருபது கிலோவுக்கு மேல் நிற்கும் சோலார் தகடு நாலைந்தை அந்தக் கூரையில் ஏற்றினால், கரண்ட் வருவதற்கு முன்னால் கூரை வந்துவிடும்.

கோயில் கூரை வேறு விஷயம். இந்திய உதவியில் 5,000 வணக்கத்தலங்களுக்குச் சோலார் கொடுக்கும் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கி வைத்தார்கள். சந்தோஷம். அதே ஏப்ரல் புத்தாண்டு லீவில் நாட்டில் கரண்ட் பாவனை குறைந்துபோக, கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டதும் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் மின்கட்டமைப்பு எவ்வளவு பலவீனம் என்பதற்கு இன்னொன்று: அதற்கு இரண்டு மாதம் முன்னால் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்றார்கள். (எங்கள் பக்கமும் குரங்கு உண்டு. மரக்கறித் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும்.) போதாததற்கு ஆனி, ஆடியில் அக்கரப்பத்தனையில் வெயிலைக் கண்டால் அதுவே ஒரு செய்தி. சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. லயத்து வீட்டுக்கு அது நாலாவது, ஐந்தாவது வேலை.

முதல் வேலை எது என்று தெரிய வேண்டுமானால் விடியற்காலை நாலரை மணிக்கு வர வேண்டும்.

தை, மாசியில் மழை விட்டு வானம் வெளுத்திருக்கும் நாட்களில் நுவரெலியாப் புல்வெளியில் துகள் பனி படர்ந்திருக்கும் படத்தை வருஷா வருஷம் நீங்கள் போடுகிறீர்கள். கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்து அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே இரவில் பன்னிரண்டுக்குப் பத்தடி காம்பராவில், அதாவது ஒற்றை அறையில், ஐந்து பேர், ஆறு பேர் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். பின்பக்கம் ராத்திரி வடித்த சோற்றின் ஆவி, காயாத கம்பளியின் ஈரம், எல்லாம் மேலே போகும். மேலே சீலிங் கிடையாது, வெறும் தகரம். வெளியே குளிரில் அது ஐஸாக இருக்கும். ஆவி அதில் பட்டு முத்து முத்தாகக் கட்டி, சரிவில் வழிந்து, குறுக்கே மரச்சட்டம் வரும் இடத்தில் தட்டிச் சொட்டும். 'தகரம் வேர்த்துருச்சு' என்பார்கள் எங்கள் ஆட்கள். மழை ஒழுக்கு என்றால் ஓட்டையைத் தேடித் தார் பூசலாம். வேர்க்கிற தகரத்தில் எந்த ஓட்டையை அடைப்பது? என் மனைவி ஒரு மழைக்கோட்டுத் துணியைக் கொசுவலை மாதிரி கட்டிலுக்கு மேல் கட்டி வைத்திருந்தாள். பேரன் பிறந்த வருஷம் அது. பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டிக் கட்டி, டயகம ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம்.

கணக்கெடுக்க வரும் ஐயாமார் காலை பதினொரு மணிக்கு வருவார்கள். அதற்குள் வெயில் பட்டுத் தகரம் காய்ந்திருக்கும். அண்ணாந்து பார்த்து 'கூரை நன்று' என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

இதற்கு நானே ஒரு வைத்தியம் செய்து மானம் போன கதையைச் சொல்கிறேன். நாலைந்து வருஷத்துக்கு முன் தலவாக்கலையில் ஹாட்வெயார் ஒன்றில் ரெஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரை) அட்டை வாங்கி வந்து, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே தகரத்தோடு ஒட்ட வைத்து இறுக்கினேன். அதன் அடியில் கழுவின உரச்சாக்கைப் பிரித்து அடித்தேன். முதல் மாதம் சொர்க்கம். சொட்டு இல்லை, இரவில் இரண்டு கம்பளி போர்த்திய இடத்தில் ஒன்று போதும். பக்கத்து நாலு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, அண்ணே எங்களுக்கும் செஞ்சு குடுங்க என்றார்கள். மூன்றாம் மாதம் ஒரு வாடை. எலி செத்துவிட்டது என்று நினைத்து ஓர் அட்டையைக் கழற்றினேன். அட்டையின் முதுகெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். சட்டத்தில் ஸ்க்ரூ ட்ரைவரை வைத்தேன், கேக்கில் இறங்குவது மாதிரி இறங்கியது. ஓரத்து இடுக்கு வழியே ஆவி மேலே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. முன்பு சொட்டி வெளியே வந்த தண்ணீர் இப்போது வெளியே வர வழியில்லாமல் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. அதைவிட வெட்கம், ரெஜிபோம் பற்றினால் பெட்ரோல் மாதிரி எரியும். அதை நான் பழைய வயரை ஒட்டியே வைத்திருந்தேன். வயரிங்காரன் செய்கிற வேலையா அது? நாலு வீட்டில் செய்து கொடுத்ததையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். காசைத் திருப்பிக் கேட்காத ஒரே வீடு தொங்கல் (கடைசி) வீட்டு அம்மாச்சி வீடு. அவர் எனக்குத் தேத்தண்ணியும் கொடுத்தார்.

இரண்டாம் முறை புத்தியாகச் செய்தேன். தகரத்துக்குக் கீழே நாலு விரற்கடை காற்று ஓட இடம் விட்டேன். அந்தக் காற்று வெளியே போக இறவாணத்தில் (கூரை விளிம்பில்) வழி விட்டு, எலி வராமல் வலை அடித்தேன். அதன் கீழேதான் நெருப்புப் பற்றாத சிமெந்து அட்டையில் சீலிங். அடுப்படி ஆவி படுக்கிற காம்பராவுக்குள் வராமல் நடுச் சுவரை மேலே வரைக்கும் அடைத்தேன். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவரோரமாகப் பிடித்துப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரியும். அதை வைத்துத்தான் இடுக்குகளைக் கண்டுபிடித்தேன். இன்றைக்கு வரைக்கும் சட்டம் காய்ந்து கிடக்கிறது. ஒரு காம்பராவுக்கே என் பத்து நாள் கூலியைத் தின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிற குடும்பம் இதைத் தன் காசில் செய்ய முடியாது. அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் அந்த வாசகருக்கும் சண்டை இல்லை.

ஆனால் அரசாங்கம் செய்தாலும் என் முதல் வேலை மாதிரியே ஆகலாம். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் தங்கச்சி மகள் இங்கிலாந்தில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வடக்குப் பக்கத்து ஊரொன்றில் வாடகை வீடு. வருமானம் குறைந்தவர்கள் இருக்கும் வீடுகளில் குளிர் ஏறாமல் இருக்க அங்கே அரசாங்கத் திட்டங்கள் உண்டு. அப்படி ஒன்றில் ஒரு கம்பனி வந்து செங்கல் சுவரின் வெளிப்பக்கம் முழுக்கத் தடித்த அட்டை ஒட்டி, மேலே பூசிவிட்டுப் போனது. வீட்டுக்காரருக்கோ குடியிருப்பவருக்கோ ஒரு சதம் செலவில்லை. மறு மாரியில் அவள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. 'மாமா, உங்க கூரையில வந்த அதே சாமான்' என்று எழுதியிருந்தாள்.

அவள் வீட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை அது. அந்த நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரண்டு திட்டங்களின் கீழ் வெளிச்சுவரில் அட்டை ஒட்டிய வீடுகளில் 98 சதவீதத்தில், அதாவது 22,000க்கும் 23,000க்கும் இடைப்பட்ட வீடுகளில், திரும்பச் செய்ய வேண்டிய பெரிய பிழைகள் இருக்கின்றன என்று அதில் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு வீடுதான் தப்பியிருக்கிறது. காரணம் என்று சொன்னவற்றைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் மாதிரியே இருந்தது. வேலை எடுத்தவன் இன்னொருவனுக்குக் கைமாற்றி விட்டிருக்கிறான், அவனுக்கு வேலை தெரியாது, மேற்பார்வை சரியில்லை. வெள்ளைக்காரன் நாட்டிலும் கொந்தராத்துக்காரன் கொந்தராத்துக்காரன்தான்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஏழைக் குடும்பங்களின் வீட்டைக் குளிருக்கு அடைத்துக் கொடுக்கும் திட்டம் 1976 முதல் நடக்கிறது. யூடியூப்பில் பார்த்தேன். வேலை தொடங்குமுன் வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுக்கிறார்கள். இடுக்கிலெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். எங்கே ஓட்டை என்று அதில் தெரிகிறது. என் ஊதுபத்திக்கு அண்ணன். முதலில் வீட்டைப் பரிசோதித்து, பிறகு எது தேவையோ அதைச் செய்து, முடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டையும் மறுபடி ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது வயர். ஒரு லயத்தில் பத்துக் காம்பரா என்றால் மெயின் சுவிட்ச் மூன்றோ நாலோ இருக்கும். மற்றவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து சுவருக்கு மேலே வயர் போட்டு இழுத்திருப்பார்கள். சில இடத்தில் பெல் வயர். பல்ப் ஒன்றுக்கு இழுத்த வயரில் காலப்போக்கில் டிவி, ரைஸ் குக்கர், தண்ணி சுட வைக்கிற ஹீட்டர் எல்லாம் ஏறிவிடும். நான் கழற்றிய ஒரு பிளக் பேஸ் முறுக்கு மாதிரி வறுபட்டு இருந்தது. ட்ரிப் சுவிட்ச் இருக்கும், ஆனால் அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி நேராக வயர் கொடுத்திருப்பார்கள். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா உள்ள சுவர் பல இடத்தில் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பற்றினால் நெருப்பு கூரைச் சட்டத்தோடு தொங்கல் வரைக்கும் ஓடும். 'லயத்தில் தீ, இத்தனை குடும்பம் இடம்பெயர்வு' என்று உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளில் அரைவாசிக்கு மின்னொழுக்கு காரணம் என்று நீங்களே போடுகிறீர்கள்.

மீட்டர் விஷயம் தனிக் கொடுமை. மின்சாரக் கட்டணம் 30, 60, 90 அலகு என்று படி படியாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு வீடு தனித்தனியாக 25 அலகு எரித்தால் நாலும் ஆகக் குறைந்த படியில் நிற்கும். ஒரே மீட்டரில் சேர்ந்தால் அதே கரண்ட் 100 அலகாகி 90ஐத் தாண்டிவிடும். 2022 ஓகஸ்டில் முதல் 30 அலகின் விலை இரண்டரை ரூபாவிலிருந்து எட்டு ரூபாவாகி, 2023 பெப்ரவரியில் முப்பது ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் ஆனபோது, அந்த நாலு வீட்டுக்காரர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். யார் வீட்டு அயர்ன், யார் வீட்டு ஃப்ரிஜ் என்று சண்டை. தனி மீட்டர் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்க நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். நான் ஒரு குடும்பத்துக்காக ஒரு தோட்டத்து ஒபிசுக்கு ஏழு தடவை ஏறி இறங்கினேன். ஏழாம் தடவை, துரை (தோட்ட மேலாளர்) மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வரட்டும் என்றார்கள். பிறகு அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் வந்தது. படிவத்தில் மின்கட்டணக் கணக்கு இலக்கம் கேட்டார்கள். எந்த இலக்கத்தை எழுதுவது? காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் நிர்வாகத்துடையது, மீட்டர் பக்கத்து வீட்டுடையது. ஓட்டை மட்டும்தான் எங்கள் பேரில். எங்கள் ஆக்ரா ஓயாத் தண்ணிதான் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் போய் 150 மெகாவாட் சுற்றுகிறது என்பதை யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள்.

புகையைப் பற்றி நீட்ட மாட்டேன். எங்கள் அம்மா நாற்பது வருஷம் கவ்வாத்து மிலாறில் (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சியில்) சமைத்தார். பச்சை மிலாறு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். கடைசிப் பத்து வருஷம் இரண்டு கண்ணிலும் புரை, இடைவிடாத இருமல். ஒரு சிகரெட் பிடித்ததில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டார். அனகி களிமண் அடுப்பு இருக்கிறது, நம் நாட்டிலேயே செய்வது, விறகு நன்றாக மிச்சமாகும், என் வீட்டில் அதுதான். ஆனால் புகைக்கூடு இல்லாமல் அடுப்பை மட்டும் மாற்றினால் பாதி வேலை. புகைக்கூடு வைத்துவிட்டு அதன் தலையில் தொப்பி போடாமல் போனால் முதல் மழையில் அடுப்புக்குள் தண்ணி. அப்படி ஒரு வரிசை லயத்துக்கே செய்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் சாக்கை உருட்டிப் புகைக்கூட்டை அடைத்து வைத்திருந்தார்கள். திட்ட அறிக்கையில் அந்த வீடுகள் எல்லாம் 'புகையற்ற சமையலறை' என்றுதான் இருக்கும்.

2025 நவம்பரில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் வீடு கட்டுவது, லயம் திருத்துவது என்று நிறையக் காசு பேசப்படுகிறது. அந்தக் காசில் சோலாரோ சீலிங்கோ எதுவும் வரட்டும். எனக்குக் கேட்க ஒன்றுதான் உண்டு. கொந்தராத்து வேலையில் கடைசிப் பங்குக் காசைக் கொஞ்சம் பிடித்து வைப்பது வழக்கம். அந்தக் காசை, வேலை முடிந்து ஒரு தை மாதக் குளிரும் ஓர் ஆடி மழையும் கடந்த பிறகு கொடுங்கள். மார்ச்சில் பெயின்ட் அடித்து, ரிப்பன் வெட்டி, ஏப்ரலில் செக் மாற்றிக்கொண்டு போகிறவனை ஆகஸ்டில் எங்கே தேடுவது? என் ரெஜிபோம் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஒட்டிய அட்டைகளும் ஒட்டிய அன்று அழகாகத்தான் இருந்திருக்கும். வேலை சரி என்று எழுதும் தாளில் கிராம சேவகர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் கையெழுத்துகளோடு அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிற பெண்ணின் கையெழுத்தும் இருக்கட்டும். அவருக்குக் கையெழுத்து வராவிட்டால் பெருவிரல்.

பரிசோதிக்க வருகிற உத்தியோகத்தர்களுக்கு இரவு தங்க என் வீட்டு இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) இடம் இருக்கிறது. நாலேகாலுக்கு எழுப்பித் தேத்தண்ணி தருவது என் பொறுப்பு. நாலரைக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு நடக்கலாம், ஐந்து நிமிஷம்தான். பாதை வழுக்கும், செருப்போடு வர வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு வயரிங்காரன்
(பெயரும் தோட்டமும் வேண்டாம் ஐயா. நிர்வாகத்திடம் இன்னும் இரண்டு மீட்டர் கடிதம் கேட்டு வைத்திருக்கிறேன்.)